சென்னையில் சதுரங்கக் கல்வி

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்த ஆட்டம் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒருமித்த கருத்துடையவர்களாக இருக்கிறார்கள். ஆனால் அதைப் பெற்றெடுத்த இந்நாடு, அதை ஒரு கல்வியாகப் பாவித்துச் சிறுவர்களுக்கு முறையாகக் கற்பிக்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான் என்பதும், அவ்வாறு கற்பிக்கும் முறை வேரூன்றித் தழைத்த இடங்களுள் தலைமையானது சென்னைப் பட்டணம் என்பதும் பலர் நின்று யோசிக்காத விஷயங்கள். இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இதற்குக் காரணம் கேட்டால், தமிழர்களுக்கு இயற்கையாகவே கணக்கில் அமைந்த கூர்மை என்று பெருமையோடு சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூரிய புத்தியுள்ள குழந்தைகள் எல்லாத் தேசங்களிலும் எல்லாத் தெருக்களிலும் பிறக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு பெரியவர் அமர்ந்து, சற்று முன்பு அவர்கள் தோற்ற ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து பொறுமையாக மறுபடியும் ஆடிக் காட்டி, எந்த இடத்தில் எண்ணம் தடுமாறியது என்று வினவும் வழக்கம்தான் எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை. அவ்வழக்கம் ஏற்பட வேண்டுமானால், ஆடிய ஆட்டம் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சென்னையின் சதுரங்கச் சரித்திரத்தை, ஆட்டத்தை எழுதிவைக்கக் கற்றுக்கொண்ட சரித்திரம் என்றே நான் கருதுகிறேன்.

முந்தைய தலைமுறைகளில் சதுரங்கம் பெரியவர்களின் பொழுதுபோக்காகவே இருந்து வந்தது. திண்ணையிலோ, மண்டபத்திலோ, செல்வர் வீட்டுக் கூடத்திலோ, துணியில் தைத்த கட்டங்களின் மேல் கடைசல் பிடித்த மரக்காய்களை வைத்து இருவர் ஆடிக்கொண்டிருக்க, சுற்றிலும் நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வாய் திறவாமல் நிற்க அனுமதிக்கப்பட்ட சிறுவன், கண்ணால் பார்த்தே காய்களின் போக்கைத் தெரிந்துகொண்டு, என்றாவது ஒரு நாள் ஆள் குறைந்தபோது அழைக்கப்பட்டால் உட்காருவான். அவனுக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. சொல்வதற்குரிய பாடம் என்று ஒன்று தொகுக்கப்படவும் இல்லை. அக்காலத்துப் பலகையில் கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மாறி வராமல் ஒரே நிறமாக இருந்தன. சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போக முடியாது; ராஜா, அதுவரை செக் வாங்காதிருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலப் பாயலாம்; கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், அது போய்ச் சேர்ந்த கட்டத்துக்கு உரிய காயாகவே பெரும்பாலும் மாறும். இவற்றிலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் பேதங்கள் உண்டு. ஆகவே ஓர் ஊரில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் அடுத்த சீமைக்குப் போனால், முதலில் சட்டத்தைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும். காய்களைக் கலைத்த மறுகணமே அன்றைய ஆட்டம் மறைந்துவிடும். எவ்வளவு அற்புதமான யுக்தியாக இருந்தாலும், பார்த்தவர்களின் ஞாபகத்தோடு அதன் ஆயுள் முடிந்துவிடும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நம் சங்கீதம் எழுத்தை நம்பியா வளர்ந்தது, குருமுகமாகக் கேட்டும் பாடியும்தானே தலைமுறை தலைமுறையாக வந்தது என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆனால் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனத்தைச் சிஷ்யன் நூறு முறை பாடலாம், குருவும் நூறு முறை திருத்தலாம். பாடம் ஒவ்வொரு நாளும் அதே உருவத்தில் திரும்பி வருகிறது. சதுரங்கத்திலோ நேற்றைய ஆட்டம் இன்று திரும்பி வருவதில்லை. பதினைந்து இருபது நகர்த்தல்கள் கழிந்தபின் பலகையில் தோன்றும் நிலை, பெரும்பாலும் அதற்கு முன் எவரும் கண்டிராத நிலை. அதைப் பிடித்துவைக்க எழுத்தைத் தவிர வேறு சாதனம் இல்லை.

எழுதிவைக்கும் முயற்சி தென்னாட்டில் அறவே இல்லாமலும் போகவில்லை. 1814ஆம் ஆண்டில் பம்பாயில், திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவர் சம்ஸ்கிருத மூலத்திலிருந்து மொழிபெயர்த்ததாக ஓர் ஆங்கிலச் சதுரங்க நூல் வெளிவந்தது. பெயரைக் கொண்டு அவர் தென்னாட்டு வைஷ்ணவர் என்று ஊகிப்பதற்கு இடமுண்டு. ஐரோப்பிய முறை ஆட்டத்துக்கு ஏற்றவாறு, பலகையில் நேரக்கூடிய நெருக்கடியான நிலைகளைத் திரட்டித் தந்த அந்நூல், கற்பவனைத் தேர்ச்சி பெறச் செய்வதையும் ஞாபக சக்திக்கு அப்பியாசம் கொடுப்பதையும் தன் நோக்கமாகத் தலைப்பிலேயே அறிவித்தது. சதுரங்கத்தைப் பாடமாக நினைத்த மனம் ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1829இல், சென்னையிலேயே மற்றொரு நூல் அச்சாயிற்று. சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலம் நடைபெற்ற இரண்டு ஆட்டங்களையும், மூசியோ காம்பிட் என்னும் தொடக்க முறையின் ஆராய்ச்சியையும் கொண்ட அந்நூலின் ஆசிரியர்கள், சென்னைவாசியான குலாம் காசிம் என்பவரும், சென்னை சிவில் சர்வீஸில் உத்தியோகம் வகித்த ஜேம்ஸ் காக்ரேன் என்பவரும் ஆவர். ராஜாவின் பக்கத்துக் குதிரையைப் பலிகொடுத்துத் தாக்கும் அந்தத் தொடக்கத்தில் ஒரு பிரிவு இன்றும் உலகமெங்கும் குலாம் காசிமின் பெயராலேயே வழங்கப்படுகிறது. சென்னைத் தெருவில் நடமாடிய ஒருவரின் பெயர் ஐரோப்பியச் சதுரங்க நூல்களில் நிலைபெற்றதற்குக் காரணம், அவர் நன்றாக ஆடினார் என்பது மட்டுமன்று. ஆடியதை எழுதினார் என்பதே. அவரைப் போலவே ஆடிய பலர் பெயரின்றிப் போயினர்.

ஆயினும் இந்த விதைகள் முளைக்கவில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வாங்கியவர்கள் துரைமார்கள். திண்ணையில் ஆட்டம் பழைய சட்டப்படியே தொடர்ந்தது. இதனால் இந்திய ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானின் வாழ்க்கையில் காணலாம். இந்திய முறையில் பழகி, சர்வதேச முறையைப் பின்னரே கற்றுக்கொண்ட அவர், இங்கிலாந்துக்குச் சென்று 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். நடு ஆட்டத்திலும் முடிவு ஆட்டத்திலும் உலகின் மேதைகளுக்கு ஈடாக நின்ற அந்த மனிதர், தொடக்க நகர்த்தல்களில் மட்டும் ஒவ்வொரு முறையும் இருட்டில் வழி தேடுகிறவராக இருந்தார். எதிரிகள் புத்தகத்தில் பயின்று வந்ததை அவர் பலகையின் முன்னே உட்கார்ந்து தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைப் பருவத்தில் முறையான பயிற்சி கிடைத்திருந்தால் அவர் எந்த உயரத்தை எட்டியிருப்பார் என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

நாடு சுதந்திரம் பெற்ற 1947ஆம் ஆண்டில் சென்னையில் மாகாணச் சதுரங்கச் சங்கம் தோன்றியது. 1951இல் அகில இந்தியச் சம்மேளனம் ஏற்பட்டது. 1955இல் ஏலூரில் முதலாவது தேசியப் போட்டி நடந்தது. இந்த ஸ்தாபனங்கள் செய்த பெரிய காரியம், சர்வதேசச் சட்டத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியதே. எனினும் சட்டம் காகிதத்தில் மாறுவது வேறு, கைகளில் மாறுவது வேறு; 1960களிலும் பல ஊர்களில் பழைய முறை ஆட்டம் நடைபெற்றுக்கொண்டுதான் இருந்தது. இந்த மாறுதலைச் சென்னையில் முன்னின்று நடத்தியவர் மானுவேல் ஆரோன்.

ஆரோன் 1935ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர்களில் முதல்வர். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயை வென்றவர். இவ்வளவு கீர்த்தியோடு அவர் 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டிக்குச் சென்றபோது, இருபத்துமூவருள் கடைசி இடமே கிடைத்தது. ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் லயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வூல்ஃப்கங் ஊல்மானையும் அவர் வென்றார். அவர்கள் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள். அவர்களை வெல்லத்தக்க புத்தி உள்ள ஒருவர் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டதற்குக் காரணம் புத்தியின் குறைவாக இருக்க முடியாது. பிள்ளைப் பிராயம் தொட்டுப் பயிற்சியாளர்களாலும் நூல்களாலும் செதுக்கப்பட்டவர்களுக்கு எதிரே, தனியாகக் கற்றுக்கொண்ட ஒருவர் தன் திறமை ஒன்றையே துணையாகக் கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதே உண்மை. அதன் பிறகு ஆரோன் செய்த காரியங்களைப் பார்த்தால், அடுத்த தலைமுறைக்கு அந்தத் தனிமை நேரக்கூடாது என்பதில் அவர் எவ்வளவு அக்கறை கொண்டிருந்தார் என்பது விளங்கும். பத்திரிகையில் சதுரங்கப் பகுதி எழுதினார்; சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்; தொடக்க முறைகளையும் அவற்றைப் பற்றிய நூல்களையும் படிக்கும்படி இளைஞர்களைத் தூண்டினார். முதுமையில், இந்தியச் சதுரங்கத்தின் முழு வரலாற்றையும் ஒரு நண்பரோடு சேர்ந்து நூலாக எழுதி 2014இல் வெளியிட்டார். எழுதுவதை விடாமல் செய்தவர் என்பதே அவரைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது.

சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பிப்பதை ஓர் அரசாங்கக் காரியமாகவே நடத்திய தேசம் சோவியத் ரஷ்யா. நகரந்தோறும் நிறுவப்பட்ட இளம் பயனியர் மாளிகைகளில், நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் போலவே சதுரங்கத்துக்கும் தனி அறை இருந்தது, சம்பளம் பெறும் ஆசிரியரும் இருந்தார். லெனின்கிராட் மாளிகையில் விளாதிமிர் ஜாக் என்னும் ஆசிரியரிடம் பயின்ற சிறுவன் போரிஸ் ஸ்பாஸ்கி பின்னாளில் உலக சாம்பியனானான். ரீகா நகரத்து மாளிகையிலிருந்து வந்தவர் மிகயில் டால். உலக சாம்பியன் மிகயில் போட்வின்னிக் நடத்திய பள்ளி, கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூன்று உலக சாம்பியன்களின் பிள்ளைப் பருவத்தோடு தொடர்புடையது. அப்பள்ளியில் போட்வின்னிக் வற்புறுத்திய பயிற்சி, மாணவன் தான் ஆடிய ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, தன் பிழைகளை மறைக்காமல் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பதே. பத்து வயதுப் பையனைத் தன் தோல்வியைத் தானே வாதித்து விசாரிக்கச் செய்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, ஆசிரியர் அருகில் இல்லாத நாட்களிலும் ஆசிரியர் உண்டு.

இந்த ரஷ்ய சம்பிரதாயத்தின் ஒரு கிளை சென்னைக்கு வந்தது 1972ஆம் ஆண்டில். பிஷரும் ஸ்பாஸ்கியும் உலக சாம்பியன் பட்டத்துக்காக ரெய்க்யாவிக்கில் மோதி உலகத்தின் கவனத்தையெல்லாம் சதுரங்கத்தின்பால் இழுத்த அதே ஆண்டில், சென்னையிலிருந்த சோவியத் கலாசார மையத்தில், ஆரோனின் முயற்சியால் டால் செஸ் கிளப் தொடங்கப்பட்டது. இடமும் பலகைகளும் கடிகாரங்களும் புத்தகங்களும் ஓரிடத்தில் கூடிக் கிடைத்தது ஆட்டக்காரர்களுக்குப் பெரும் பாக்கியம். அதைவிடப் பெரிய விசேஷம் அங்கே நிலவிய ஒரு வழக்கம். வேக ஆட்டத்தில் வென்றவர் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். உத்தியோகஸ்தர், கல்லூரி மாணவர், அரை நிஜார் அணிந்த பையன் என்ற பேதம் அந்த வரிசைக்குத் தெரியாது. திண்ணையின் ஓரத்தில் வாய் மூடி நின்ற சிறுவன் முதன்முதலாகப் பெரியவர்களுக்குச் சமமாக உட்காரும் உரிமை பெற்றது அங்கேதான். பிராயத்தை மதித்தே பழகிய நம் சமூகத்தில் இது சாமானியமான மாறுதல் அன்று. ஐம்பது வயதுக்காரரைப் பத்து வயதுப் பிள்ளை வரிசையின் கடைசிக்கு அனுப்புவதை ஒரு கூடம் முழுவதும் இயல்பாக ஏற்றுக்கொண்டது என்றால், அங்கிருந்த பெரியவர்களின் மனப்பக்குவத்தையும் நாம் மறக்கலாகாது.

அந்த வரிசையில் வந்து நின்ற பிள்ளைகளில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1969இல் மாயூரத்தில் பிறந்த அவருக்கு ஆறு வயதில் காய்களின் போக்கைக் கற்பித்தவர் அவருடைய தாயார் சுசீலா அம்மாள். இங்கே சற்று நின்று அந்த அம்மையாரைப் பற்றிப் பேச வேண்டும். ஏனெனில் சென்னையின் சதுரங்கக் கல்வியில் தாய்மார்களின் பங்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரயில்வே அதிகாரியான தந்தைக்கு 1978இல் பிலிப்பைன்ஸில் வேலை அமைந்ததால் குடும்பம் மணிலாவுக்குச் சென்றது. கார்போவுக்கும் கோர்ச்னோயுக்கும் இடையே உலக சாம்பியன் போட்டி பாக்யோவில் நடந்த ஆண்டு அது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான யூஜெனியோ டோரேயின் நாடு அது. அங்கே பிற்பகலில் தொலைக்காட்சியில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். அதில் ஒரு புதிர் தருவார்கள். அந்த நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். ஆகையால் தாயார் நிகழ்ச்சியில் காட்டிய ஆட்டங்களையும் புதிரையும் எழுதிவைத்து, மாலையில் அவன் வந்ததும் இருவருமாக உட்கார்ந்து விடை காண்பார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு சதுரங்கப் புத்தகம். அந்தப் பிள்ளை அத்தனை பரிசுகளைப் பெற்றதனால், கடைசியில் நிகழ்ச்சியை நடத்தியவர்கள், வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு இனிப் போட்டிக்கு விடை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஆனந்தே பிற்காலத்தில் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். பயிற்சியாளர் என்ற பட்டம் இல்லாத ஓர் இல்லத்தரசி, அன்றைய பாடத்தை எழுதிவைத்துப் பிள்ளைக்காகக் காத்திருந்தார் என்பதைவிட உயர்ந்த ஆசிரியத் தொழில் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பின்னால் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1983இல் தேசியச் சப்ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. பதினாறு வயதில் தேசிய சாம்பியன். 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். ஆனால் ஒருவருடைய வெற்றி உடனே ஒரு கல்விமுறையாகிவிடுவதில்லை என்பதற்கு அடுத்த பத்தாண்டுகள் சான்று. இரண்டாவது கிராண்ட்மாஸ்டராகக் கல்கத்தாவின் திவ்யேந்து பருவா வந்தது 1991இல். மூன்றாமவர் பிரவீண் திப்சே 1997இல். சென்னையிலிருந்து அடுத்தவரான கிருஷ்ணன் சசிகிரண் 2000ஆம் ஆண்டில்தான் பட்டம் பெற்றார். ஆனந்தைப் போலத் தன் பிள்ளையும் ஆக வேண்டும் என்று விரும்பிய பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருந்தும், அந்தப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லத் தகுந்தவர்கள் மிகச் சிலரே. நல்ல ஆட்டக்காரர்கள் வங்கிகளிலும் அரசுத்துறை நிறுவனங்களிலும் விளையாட்டு வீரர் என்ற முறையில் உத்தியோகம் பெற்று, அதை ஆதாரமாகக் கொண்டு தங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றிவந்தனர். கற்பிப்பது மாலை நேரத்து உபகாரமாக இருந்ததேயன்றி ஜீவனோபாயமாக இல்லை.

அதை ஜீவனமாகவே மேற்கொள்ளத் துணிந்தவர்களுள் ஆர். பி. ரமேஷ் முக்கியமானவர். கிராண்ட்மாஸ்டரான அவர் 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் 2007இல் காமன்வெல்த் பட்டத்தையும் வென்றவர். அவருடைய மனைவி ஆர்த்தி ராமசாமி 1999இல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் உலக சாம்பியனாக விளங்கியவர். தாமே இன்னும் பல ஆண்டுகள் ஆடிப் பரிசு பெறக்கூடிய பருவத்தில், ரமேஷ் எண்ணெய் நிறுவன உத்தியோகத்தை விட்டார்; 2008இல் இருவருமாகச் செஸ் குருகுலம் என்னும் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினர். சொந்தக் கீர்த்தியைப் பிறர் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுப்பது எளிய காரியம் அன்று. அங்கே பயின்றவர்களில் பிரக்ஞானந்தா 2016இல் பத்து வயது பத்து மாதத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டரானார், 2018இல் கிராண்ட்மாஸ்டரானார். அவருடைய தமக்கை வைஷாலி 2023இல் அப்பட்டம் பெற, உலகில் உடன்பிறந்த சகோதரனும் சகோதரியும் கிராண்ட்மாஸ்டர்களானது அதுவே முதல் முறை. அந்த வகுப்பின் நடைமுறையை வெளியாருக்கு விளக்கினால் வியப்பாக இருக்கும். ஆசிரியர் ஒரு நிலையைக் காட்டுவார். எவரும் காயைத் தொடக் கூடாது. ஐந்து, எட்டு, பத்து நகர்த்தல்கள் வரை கிளை கிளையாக மனத்திலேயே ஆடிப் பார்த்து, கண்ட முடிவைச் சொல்ல வேண்டும். விடை சரியா தவறா என்பது பிறகு. எதிரி என்ன செய்வான் என்று எந்தக் கிளையில் நினைக்க மறந்தாய் என்பதே முதற் கேள்வி. ரமேஷ் 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலும் இந்தக் கணிக்கும் வித்தையைப் பற்றியதே.

இதனிடையே கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. உலகத்தில் எந்த மூலையில் ஆடிய ஆட்டமும் அன்றைக்கே பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. எழுதிவைக்கும் பஞ்சம் ஒழிந்தது. ஆனால் வேறொரு பஞ்சம் ஆரம்பமாயிற்று. என்ஜின் என்று எல்லாரும் அழைக்கும் சதுரங்க யந்திரம் கணப்பொழுதில் சரியான நகர்த்தலைச் சொல்லிவிடுவதால், தான் தோற்ற ஆட்டத்தோடு அரை மணி நேரம் மல்லாடும் அவசியம் பிள்ளைக்கு இல்லாமற் போகிறது. இந்த அபாயத்தை உணர்ந்து எதிர்த்து நின்றவர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. சென்னை வேலம்மாள் பள்ளியில் 2013ஆம் ஆண்டு, ஏழு வயதில், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சதுரங்கம் கற்கத் தொடங்கிய குகேஷை அவர் 2017 முதல் தம் பயிற்சியில் எடுத்துக்கொண்டு, கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை யந்திரத்தின் துணையின்றியே சிந்திக்கப் பழக்கினார். உலகமெல்லாம் யந்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் அதிலிருந்து விலக்கி வைப்பதற்கு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எவ்வளவு தைரியம் வேண்டும்! குகேஷ் 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில், கிராண்ட்மாஸ்டரானார்; 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியனானார். அப்போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், சமமாக முடியவேண்டிய நிலையில் மணிக்கணக்காகத் தளராமல் காத்திருந்து எதிரியின் ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டதில், அந்த இளமைப் பயிற்சியின் பயனை நான் காண்கிறேன்.

அரசாங்கத்தின் பங்கு பிந்தி வந்தது. 2013இல் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி சென்னையில் நடந்தது. ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்களுக்காகப் பள்ளிகளில் சதுரங்கத் திட்டம் ஏற்பட்டதும் அந்தச் சமயத்தில்தான். 2022இல் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோது, பேருந்துகளிலும் பாலங்களிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரையப்பட்டு, ஊரே ஒரு பலகையாயிற்று. அரசாங்கத்துக்கு வெளியே, 2020இல் ஆனந்த் ஒரு நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் இடம்பெற்றார்கள். வரிசையில் நின்று கற்ற பிள்ளை, தம் முறை வந்தபோது கற்பிக்க உட்கார்ந்தார்.

இவ்வளவையும் எழுதும்போது, இதற்காகக் குடும்பங்கள் கொடுத்த விலையை மறைப்பது நேர்மையாகாது. குகேஷின் தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு தேசம் தேசமாகச் சென்றார். பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி அம்மாள் வெளிநாட்டுப் பயணங்களில் அடுப்பும் பாத்திரமும் எடுத்துச்சென்று சோறும் ரசமும் சமைத்துப் போட்டார். பயணச் செலவும் பயிற்சிச் சம்பளமும் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியவை அல்ல. பட்டம் பெற்ற ஒரு பிள்ளைக்குப் பின்னால், பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதும் பலகையைப் பரணில் ஏற்றிவைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் பெற்ற பயிற்சி வீண் என்று நான் கருதவில்லை. ஆனால் அவர்களுக்குப் பாடம் சொன்ன சிறிய ஆசிரியர்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் ஏறவில்லை. தெருக்கோடியில், மாடியில் போட்ட கூரைக் கொட்டகையில், ஆறு பலகைகளை விரித்து, ராஜாவும் யானையும் மட்டும் மிஞ்சிய முடிவில் எப்படி மேட் செய்வது என்று நூறாவது முறையாகச் சலிக்காமல் சொல்லித்தருகிறவர்களே இக்கட்டடத்தின் அஸ்திவாரம்.

பெண்குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத ஓர் இளவரசியை, சிவபெருமான் முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது அத்தலத்துப் புராணம். கதையில் பெண்ணே பெரிய ஆட்டக்காரி. சரித்திரத்திலோ அவளுக்குத் திண்ணையின் ஓரத்தில்கூட இடம் கொடுக்கப்படவில்லை. சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி 2001இல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றது அந்தக் கதவைத் திறந்தது. ஆடவருக்கும் பெண்டிருக்கும் பொதுவான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஆந்திராவின் கோனேரு ஹம்பி 2002இலும் ஹரிகா 2011இலும் அடைந்தனர். தமிழ்நாட்டில் அதைப் பெற்ற முதல் பெண் வைஷாலி, 2023இல். முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்களைத் தந்த மாநிலத்தில் இது போதுமானதன்று. ஆரம்ப வகுப்புகளில் பலகையின் முன் உட்காரும் சிறுமிகள், வெளியூர்ப் போட்டிகளுக்குத் துணையோடு செல்ல வேண்டிய வயதில் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகப் பயிற்சி நிலையங்களும் சங்கமும் துணைக்கு ஒரு பெண் ஆசிரியரை அனுப்பவும் பயணச் செலவில் ஒரு பகுதியை ஏற்கவும் முன்வந்தால், வைஷாலிக்கு அடுத்தவர் வருவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகா.